செல்வக்கனி பின்னாலேயே வந்த கல்நரி

வீட்டில் நாய் இருந்தது, விளக்குமாறு இருந்தது, அம்மிக்கல் இருந்தது, ஒன்றும் இல்லாவிட்டால் அடுப்பங்கரைச் சுவராவது இருந்தது, அதனால் அருப்புக்கோட்டை செல்வக்கனிக்குத் தன் ஓரகத்தி புஷ்பத்தைத் திட்டுவதற்குப் பதினோரு வருசத்தில் ஒரு நாளும் ஆள் பஞ்சம் வந்ததில்லை. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ற நாயே" என்று நாயைப் பார்த்து அவள் ஆரம்பித்தால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிழலுக்குப் போய்விடும், பட வேண்டியவளுக்கு அது தாழ்வாரம் தாண்டிப் போய்ப் பட்டுவிடும். இதற்குச் சாடை பேசுவது என்று பேர். நம் ஊரில் பிறந்த நாய்க்கும் பூனைக்கும் அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் இது தாய்ப்பாலோடு வந்த பாடம், எதுவும் தன்மேல் எடுத்துக்கொள்ளாது.

ஒரே வீடு, இரண்டு அடுப்பு. அண்ணன் ரத்தினசாமியும் தம்பி குணசேகரனும் பஜாரில் ஒரே பெயிண்ட் கடையில் ஒரே கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்; அண்ணன் பெண்டாட்டி செல்வக்கனியும் தம்பி பெண்டாட்டி புஷ்பமும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசி மாமாங்கத்துக்கு ஒரு வருசம்தான் குறைச்சல். காரணம் ஊருக்கே தெரியும். செல்வக்கனி பெற்றது ஒரே மகள், பொற்கொடி. அவள் வேறு சாதிப் பையனோடு போனாள். போன அன்று விடியலில் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டவள் புஷ்பம், கையில் கிடந்த இரண்டு வளையலைக் கழற்றி அந்தப் பிள்ளை கையில் மாட்டி அனுப்பினவளும் புஷ்பம். செல்வக்கனி கிணற்றடியில் உட்கார்ந்து ஏழு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எனக்குப் பிள்ளை இல்லை, தலைமுழுகியாச்சு" என்று எழுந்தாள். அதற்கு முந்தின மூன்று நாளைப் பற்றி அவளும் பேசுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

இப்படிப்பட்ட இரண்டு பொம்பளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றி ஜப்பானுக்கு அனுப்பிய புண்ணியம் ஒரு பெயிண்ட் கம்பெனியைச் சேரும். இத்தனை லிட்டர் விற்றால் குடும்பத்தோடு ஜப்பான் என்று அறிவித்தார்கள், தென்மாவட்டத்து டீலர்கள் ஒரு கோடை முழுக்கக் கண்ணில் பட்ட சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க வைத்தார்கள், ஆக முப்பத்தெட்டுப் பேரும், அவர்களுக்குப் பொங்கலும் வடையும் போட ஒரு சமையல்காரரும், மேய்த்துக்கொண்டு போக மதுரை இப்ராகிம் என்ற டூர் மேனேஜரும், மஞ்சள் கொடி பிடித்த ஹனாதா என்ற ஜப்பான்கார அம்மாவும், நாலாவது நாள் காலையில் ஒரு மலையடிவாரத்துக் கோயில் தோட்டத்துக்கு வந்து இறங்கினார்கள்.

கோயிலுக்குப் போகிற பாதை இரண்டு பக்கமும் கடை. பழனி அடிவாரம் மாதிரிதான், கூவி அழைக்கிற சத்தம் மட்டும் இல்லை, எல்லோரும் குனிந்து கும்பிட்டார்கள். செல்வக்கனி கையை ஆட்டுகிற பூனைப் பொம்மை ஒன்று, விசிறி நாலு, சம்பந்தமில்லாத யாருக்கோ ஒரு சாவிக்கொத்து என்று வாங்கிக்கொண்டே ஒரு கண்ணை மட்டும் புஷ்பத்தின் மேலேயே வைத்திருந்தாள், அது அவளுடைய பதினோரு வருசப் பழக்கம். ஐந்தாவது கடையில் புஷ்பம் நின்றாள். சிவப்பு வார் வைத்த மரச்செருப்பு ஒரு ஜோடி எடுத்தாள். சின்னஞ்சிறுசு. கையை விரித்து ஜாணால் அளந்தாள், யோசித்தாள், இன்னும் ஒரு விரல் கூடுதலாக இருக்கிற ஜோடியை எடுத்து, பிள்ளை வளரும் என்று தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு, காகிதப் பையில் போடச் சொன்னாள்.

புஷ்பத்துக்கு இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள். ஒருத்தன் காலேஜ், ஒருத்தன் கடை. கல்யாணம் ஆகவில்லை. சொந்தத்தில் அந்த வயசில் பொம்பளைப் பிள்ளை எவர் வீட்டிலும் கிடையாது, செல்வக்கனி விரல் விட்டு எண்ணியே பார்த்துவிட்டாள். அப்படியானால் அது யார் காலுக்கு. தன் மகளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அதற்கு நாலு வயசு இருக்கும், அதன் கால் இத்தனை நீளம் என்பதை உலகத்தில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாமல், கண்காணாத தேசத்தில் ஒரு மரச்செருப்பைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நிமிசம் அவளுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, ஏழு வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

கோயில் வாசலில் சிவப்பு மரத்தில் பெரிய வளைவு நின்றது. கோயில் என்றதும் முப்பத்தெட்டுப் பேரும் செருப்பைக் கழற்றி அங்கேயே குவித்தார்கள். அந்த ஊரில் யாரும் அங்கே கழற்றுவதில்லை. ஹனாதா அம்மா சொல்ல வாயெடுத்து, சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள். உள்ளே தோட்டம். வெட்டி வெட்டி வளர்த்த பைன் மரம், சீப்பால் வாரிவிட்ட மாதிரி கோடு போட்ட கூழாங்கல், குளத்தில் குண்டு குண்டாக மீன். ஒரு சருகு கீழே கிடக்கவில்லை. செல்வக்கனிக்குத் தொண்டைக்குழி வரைக்கும் வசவு வந்து நிற்கிறது, பத்தடி தள்ளிப் புஷ்பம் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஆனால் பாழாய்ப்போன அந்தத் தோட்டத்தில் ஒரு நாய் இல்லை, கோழி இல்லை, விளக்குமாறு இல்லை. பக்கத்தில் இருந்தது ஒரு நரிதான். கல்நரி. ஆட்டுக்குட்டி உயரம், பீடத்தின் மேல் உட்கார்ந்திருந்தது, கழுத்தில் சிவப்புத் துணி, வாயில் கல்லாலேயே செய்த ஒரு சாவி. போதும் என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஏ குள்ளநரி. அடுத்தவ பெத்த பிள்ளையைக் கொல்லை வழியா அனுப்பி வச்சவளே. பூட்டைத் திறந்துவிட்டுட்டு, சாவியை வாயில கவ்விக்கிட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி உக்காந்திருக்கியே, நீ விளங்குவியா. உனக்குப் பொம்பளைப் பிள்ளை இல்லைன்னா ஊரான் பிள்ளைக்கு உறவு கொண்டாடுவியா. செருப்பு வாங்குறியோ செருப்பு. எம் பிள்ளையை எங்கடி வச்சிருக்க, சொல்லு."

நரி கேட்டது. முந்நூறு வருசமாக வேண்டுதல் கேட்ட காது அது, அதற்கு எந்தப் பாஷையும் ஒன்றுதான். ஆனால் அந்த முந்நூறு வருசத்தில் அதன் முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் அதனிடம் சொன்னதை அதனிடம்தான் சொன்னார்கள். அதைப் பார்த்துப் பேசி இன்னொருத்திக்கு அனுப்பின ஆள் இவள்தான் முதல். நரி வாயில் இருந்த சாவியைப் பீடத்தின் மேல் மெதுவாக வைத்தது. முன்காலை முதலில் இறக்கி, பின்காலைப் பிறகு இறக்கி, முதுகில் பிடித்த பாசியோடு கூழாங்கல்லில் இறங்கி வந்து, செல்வக்கனியின் சேலை ஓரத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தது. அவள் நாலடி நகர்ந்தாள், அதுவும் நாலடி நகர்ந்தது.

பூசாரி வந்தார். காலிப் பீடத்தைப் பார்த்தார், நரியைப் பார்த்தார், செல்வக்கனியின் வெறுங்காலைப் பார்த்தார், இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். அவர் சொன்னதை ஹனாதா அம்மா இங்கிலீஷில் சொல்ல, இப்ராகிம் அதைத் தமிழில் சொன்னான். "கோவமெல்லாம் இல்லையாம்மா. நீங்க சொன்னதுல ஒண்ணுகூட அது செஞ்சதில்லையாம். அப்ப அது வேற யாருக்கோ உள்ள சொல்லு. உரியவங்ககிட்ட அத்தனையும் போய்ச் சேர்ற வரைக்கும் கூடவே வருமாம். முன்னாடி ஒரு அரிசி வியாபாரி இப்படித்தான் தம்பியைப் பத்தி இதுகிட்ட வந்து பேசினாராம், பதினாலு வருசம் அவர் வீட்டுல இருந்துச்சாம். அவர் செத்த மறுநாள் தானா வந்துடுச்சாம்." பூசாரி ஒரு படிவத்தை நீட்டினார். பேர், ஊர், நரியைத் திருப்பி அனுப்ப உத்தேசித்துள்ள தேதி. கடைசிக் கட்டத்தை ரத்தினசாமி காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாசலுக்கு வந்தால், குவித்துப் போட்ட செருப்புகளை யாரோ ஜோடி ஜோடியாகச் சேர்த்து, முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்த ஊரில் அது மரியாதை. செல்வக்கனிக்கு அது இடத்தைக் காலி பண்ணு என்று சொன்ன மாதிரி இருந்தது.

பஸ்ஸில் நரியை ஏற்றுவதற்கு டிரைவர் ஆட்சேபணை சொல்லவில்லை, பாசி ஈரம் என்று துண்டு மட்டும் விரித்தார். மதியச் சாப்பாட்டுக்குள் நரி பஸ்ஸில் ஓர் ஆளாகிவிட்டது. சமையல்காரர் ஒரு பருப்பு வடையை நீட்டிப் பார்த்தார், வாங்கிக்கொண்டது, இரண்டாவதும் வாங்கிக்கொண்டது, அன்றிலிருந்து நரி சைவமா அசைவமா என்ற பேச்சு எழவில்லை. நரி முகத்தில் முழித்தால் யோகம் என்று கம்பத்து டீலர் பெண்டாட்டி ஞாபகப்படுத்த, பொம்பளைகள் வரிசையாக வந்து கண்ணை மூடி அதன் முன்னால் கண்ணைத் திறந்தார்கள். "பிளேன்ல வெயிட்டு எப்படி" என்று மட்டும் ரத்தினசாமி இப்ராகிமிடம் இரண்டு தடவை கேட்டார்.

ஆனால் யோகத்தோடு ஒரு பயமும் வந்தது. நாலு நாளாகப் பஸ்ஸின் ஏசியைத் திட்டுகிற சாக்கில் புருசனைத் திட்டிக்கொண்டு வந்த தேனிக்காரி, ஏசி இறங்கிப் பின்னால் வந்துவிட்டால் என்ன செய்வது என்று வாயை மூடினாள், வாயை மூடினால் அவளுக்கு நெஞ்சு அடைத்தது, ஆக வேறு வழியில்லாமல் புருசன் பக்கம் திரும்பி, "ஏங்க, உங்க அக்காளுக்குப் பட்டு எடுத்தீங்கள்ல, எனக்கு ஏன் எடுக்கலை" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். மடை உடைந்த கதைதான். ராஜபாளையத்து மருமகள் மாமியாரிடம் கேட்டாள், மாமியார் மருமகளிடம் கேட்டாள், சாத்தூர்க்காரர் இருபது வருசத்துக் கோபத்தை மைத்துனரிடம் கேட்டார். சாயங்காலம் மூன்று மணிக்குள் அந்தப் பஸ்ஸில் ஆறு சண்டை நடந்தது, அத்தனையும் முகத்துக்கு முகம். பேசாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான், செல்வக்கனியும் புஷ்பமும்.

மறுபடியும் கோயில் கடைத்தெருவிலேயே விட்டார்கள், மிச்சச் சாமான் வாங்க. நரி கூடவே வந்தது. கடைக்காரர்கள் நரிக்கு ஒரு கும்பிடு, செல்வக்கனிக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். பீங்கான் கடையில் மட்டும் தயவுசெய்து வெளியே நிற்கும்படி நரியைக் கேட்டுக்கொண்டார்கள், அது நின்றது. "அதுகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுத் தொலையேன்" என்றார் ரத்தினசாமி. செல்வக்கனி கேட்டாள். "தெரியாமச் சொல்லிட்டேன் சாமி, ஒன்னையச் சொல்லலை." ஒன்னையச் சொல்லவில்லை என்பது அதற்குத்தான் காலையிலேயே தெரியுமே. உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பதினோரு வருசமாக அவள் பேசின பேச்சை அத்தனை கவனமாக, அத்தனையும் மெய் என்று நம்பி, ஒருத்தரும் கேட்டதில்லை.

ஐந்து மணிக்குப் பஸ். நாலரைக்கு அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டீக்கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புஷ்பத்தின் முன்னால் போய் நின்றாள். ஆறு சண்டைக்காரர்களும் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். புஷ்பத்தின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. காதோரம் நரைத்திருந்தது, கீழ்ப் பல்லில் ஒன்று இல்லை.

"நீதான்டி குள்ளநரி" என்றாள். "நீதான் எம் பிள்ளையைக் கொல்லை வழியா அனுப்பினவ. நீதான் சாவியைக் கவ்விக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கிறவ. உனக்குப் பொம்பளைப் பிள்ளை இல்லைன்னு எம் பிள்ளையை எடுத்துக்கிட்ட."

புஷ்பம் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டாள். செல்வக்கனி திரும்பி நரியைப் பார்த்தாள். நரி எழுந்திருக்கவில்லை. "சொல்லியாச்சே, போ" என்றாள். போகவில்லை. இப்ராகிம் தயங்கித் தயங்கி வந்தான். "அம்மா, ஒண்ணு பாக்கி இருக்கு. காலையில கடைசியா ஒண்ணு கேட்டீங்கள்ல."

என்ன பாக்கி என்பது அவளுக்குத் தெரியும். வசவு வேறு, கேள்வி வேறு. வசவை யாரும் வீசலாம். கேள்வி கேட்டால் கையேந்தின கணக்கு. மகள் எங்கே என்று ஒருத்தி கேட்டால் அவளுக்கு மகள் இருக்கிறாள் என்று ஆகும், அப்புறம் அந்த ஏழு வாளித் தண்ணீருக்கு என்ன அர்த்தம். போகட்டும், இந்த நரியையே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், நாய்க்குப் பக்கத்தில் கட்டிப்போடலாம் என்றுகூட நினைத்தாள். அப்போது புஷ்பத்தின் மடியில் இருந்த காகிதப் பை கண்ணில் பட்டது. ஜாணுக்கு ஒரு விரல் கூடுதல். அடுத்த வருசம் அந்தக் கால் எத்தனை நீளம் இருக்கும் என்பதும் இவளுக்குத்தான் தெரியும், தனக்குத் தெரியாது.

"எம் பிள்ளை எங்க இருக்கா" என்றாள். அது அவளுக்கே கேட்காத குரலில் வந்தது.

நரி எழுந்து, ஒரு தடவை உடம்பை உதறி, கல் கல்லில் பட டக் டக்கென்று கோயில் படியேறிப் போய்விட்டது. வந்த வேலை முடிந்தால் நிற்க அதற்கு என்ன இருக்கிறது.

புஷ்பம் அப்போதும் செல்வக்கனியிடம் பேசவில்லை. பதினோரு வருசம் வசவு வாங்கினவள், கேட்டவுடன் பதில் சொல்லிவிடுவாளா என்ன, அவளும் அதே வீட்டுக்கு வாழ வந்தவள்தானே. பையிலிருந்து மரச்செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசினாள். "கேட்டியா செருப்பே. பெத்த பிள்ளையை மூணு நாள் அறைக்குள்ள போட்டுப் பூட்டி, சோறு போடாம, தண்ணியை மட்டும் ஜன்னல் வழியா நீட்டினவ கேக்குறா, எம் பிள்ளை எங்கேன்னு. நான் கதவைத் திறக்காட்டி அது பொணமாத்தான் வெளிய வந்திருக்கும். அது போறப்ப சொல்லிச்சு, சித்தி, அம்மாவா வாயைத் திறந்து கேட்டா மட்டும் சொல்லுன்னு. நாலு தீபாவளிக்குப் போன் பண்ணி அம்மா கேட்டாளா கேட்டாளான்னு கேட்டுச்சு. அப்புறம் கேக்குறதையும் விட்டுருச்சு. எனக்கென்ன. நீ போக வேண்டிய இடத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ. கோயமுத்தூரு, சிங்காநல்லூரு, குளத்துக்குப் பின்னால ரெண்டாவது தெரு, பச்சைக் கேட்டு."

ரத்தினசாமி தொண்டையைச் செருமினார். "பச்சை இல்லை" என்றார். "போன தையில நீலம் அடிச்சாச்சு."

செல்வக்கனி புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம கடைப் பெயிண்ட்தான்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

செல்வக்கனியின் அந்த முகத்துக்கு முன்னால் நிற்க முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை, எல்லோரும் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் நடந்தது செருப்பு. அந்த ஊர் மரத்தில், அந்த ஊர்க் கையால் செய்தது. தன்னைப் பார்த்துச் சொன்னால் தனக்குத்தான் சொன்னது என்று எடுத்துக்கொள்ளும். புஷ்பத்தின் மடியிலிருந்து தானாக இறங்கி, டொக்கு டொக்கென்று நடந்து போய்ப் பஸ் படியில் ஏறி, செல்வக்கனியின் இருக்கைக்கு முன்னால் முனையைக் கிழக்கும் மேற்கும் ஆட்டிப் பார்த்து, திசையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மிச்சம் மூன்று நாளும், பிளேனிலும், ரத்தினசாமி வாங்கிய ஏச்சு அத்தனையும் நேருக்கு நேர் வாங்கியது.

சென்னையில் இறங்கியதும் மற்றவர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். புஷ்பம் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். செருப்பு மட்டும் கோயமுத்தூர் வண்டிக்கு முன்னால் போய் நின்றது, செல்வக்கனி தனியாக அதன் பின்னால் ஏறினாள். மறுநாள் காலை சிங்காநல்லூரில் செருப்பு முன்னால் போக அவள் பின்னால் போனாள். ரோட்டைக் கடக்கும்போது ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். "ஜப்பான் செருப்புங்களா" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார், ஆமாம் என்றாள். இரண்டாவது தெருவில் நீலக் கேட் திறந்துதான் கிடந்தது. அவள் தன் செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றினாள்.

வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் முன்னால் மரச்செருப்பு போய் நின்றது. பிள்ளை காலை நுழைத்துப் பார்த்தது, ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. "அம்மா" என்று கத்தியது. அரிசி களைந்த கையோடு பொற்கொடி வெளியே வந்தாள்.

வந்தவள் நின்றாள். சதை போட்டிருந்தாள். கையில் புஷ்பத்தின் வளையல் இரண்டும் கிடந்தன. தாயை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பி, மதில்மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்தாள்.

"ஏ பூனை" என்றாள். "தலைமுழுகினவளுக்கு வாசல் எப்படித் தெரிஞ்சுச்சு. மூணு நாள் பட்டினி போட்டியே, செத்தாளா இருக்காளான்னு பார்க்க வந்தியோ."

அதே ஏற்றம், அதே இறக்கம், அதே இழுப்பு. தன் வீட்டு அடுப்பங்கரையில் தானே நின்று பேசுவதைச் செல்வக்கனி வாசலில் நின்று கேட்டாள். பூனை கோயமுத்தூர்ப் பூனை, விவரம் தெரிந்தது, காலை நக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

செல்வக்கனி வெறுங்காலோடு இன்னும் இரண்டடி உள்ளே வந்து, மகளுக்கும் மதிலுக்கும் நடுவில், பூனையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அதுகிட்டச் சொல்லாத தாயி" என்றாள். "அது எனக்குள்ளது. என்னையப் பார்த்துச் சொல்லு."